வருகை பயம் விட்ட கதை

அம்மா வீட்டில் இல்லை, போனையும் எடுக்கவில்லை என்றால் போதும். இயேசு திடீரென்று வந்து தம்மை நம்புகிறவர்களை வானத்துக்கு எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை நடந்துவிட்டது, நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று நெஞ்சு படபடக்கும். சபையை விட்டு நான்கு வருடம் ஆன பிறகும் அப்படித்தான்.

பினாங்கில் நான் பார்த்த கவுன்சலர் இதற்கு ஒரு பெயர் சொன்னார்: மத அதிர்ச்சி. அமெரிக்க உளவியலாளர் மார்லின் வினெல் 2011இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். பெயர் கிடைத்ததே எனக்குப் பாதி நிம்மதி.

அப்புறம் பழக்கம். பயம் வந்ததும் அதோடு வாதாடக் கூடாது. வசனத்துக்கு வசனம் பதில் தேடியே எனக்குப் பல இரவுகள் போயின. இப்போது வெறுங்காலைத் தரையில் அழுத்தி, கண்ணில் படும் ஐந்து பொருளைச் சத்தமாகச் சொல்வேன். மூச்சை நீளமாக விடுவேன். படபடப்பு மெல்ல இறங்கும்.

கடினமாக இருந்தது பூதான். எங்கள் சபையில் பூவும் நகையும் பாவம். லிட்டில் இந்தியாவில் ஒரு முழம் மல்லிகை வாங்கி, முதல் தடவை பையிலேயே வாட விட்டேன். மூன்றாம் வாரம் வைத்துக்கொண்டேன். பின்கழுத்தில் ஈரம் பட்டது. கை நடுங்கியது, ஆனாலும் எடுக்கவில்லை.

அம்மா இன்னும் சபைக்குப் போகிறார். ஆனால் வெளியே கிளம்பும்போதெல்லாம், "பாசாருக்குப் போறேன்மா, பதினொரு மணிக்கு வந்துருவேன்" என்று வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புகிறார்.