கேம்ஷாஃப்ட் தேய்மானம்: கண்டறிதலும் மாற்றுதலும்

எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் சுழல் தண்டான கேம்ஷாஃப்ட் திடீரென்று உடைவது அரிது. பெரும்பாலும் அதன் லோப்கள் (வால்வை அழுத்தித் திறக்கும் புடைப்புகள்) மெல்லத் தேய்ந்து, வால்வு திறக்கும் உயரம் குறைகிறது. ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் 1.9 லிட்டர் பி.டி. (பம்பும் இன்ஜெக்டரும் ஒன்றாக இணைந்த வகை) டீசல் எஞ்சின் இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு. எட்டு வால்வுகளோடு நான்கு இன்ஜெக்டர்களையும் ஒரே கேம்ஷாஃப்ட் இயக்குவதால் வால்வு லோப்களின் அகலம் அதில் குறைவு. அவை தட்டையான டேப்பெட்களின் (லோப்புக்கும் வால்வுக்கும் இடையே இருக்கும் பாகங்கள்) மீது உரசியபடியே சுழல்கின்றன.

தேய்மானம் முற்றும்போது வால்வு கவரின் பக்கத்திலிருந்து டிக் டிக் என்ற ஒலி எழும். பிஸ்டன்களால் சுழலும் முதன்மைத் தண்டான கிராங்க்ஷாஃப்ட் இரண்டு முறை சுற்றும்போது கேம்ஷாஃப்ட் ஒரு முறைதான் சுற்றுகிறது என்பதால், அந்த ஒலி எஞ்சின் வேகத்தில் பாதி வேகத்தில் கேட்கும். இழுவை குறையும், ஐடிலில் எஞ்சின் குலுங்கும், புகை கூடும். எக்ஸாஸ்ட் லோப் தேய்ந்திருந்தால் எரிந்த வாயு முழுதும் வெளியேறாமல், காற்று உறிஞ்சும் குழாய் வழியே திருப்பி அடிக்கும்.

பி0340 என்ற பிழைக் குறியீடு கேம்ஷாஃப்டின் நிலையை அறியும் சென்சாரின் மின்சுற்றைக் குறிப்பது. அதைப் பார்த்ததும் கேம்ஷாஃப்டை ஆர்டர் செய்வது வீண் செலவு. மாறாக, லோப் நன்றாகத் தேய்ந்தும் எந்தக் குறியீடும் வராமலிருக்கலாம். சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் சோதனையையும் முழுதாக நம்ப முடியாது; ஸ்டார்ட்டர் சுற்றும் மெதுவான வேகத்தில், பாதி திறக்கும் வால்வு வழியாகவும் சிலிண்டர் நிரம்பிவிடும்.

ஆகவே கண்ணால் பார்ப்பதே உறுதியான வழி. எஞ்சின் ஆறிய பின் வால்வு கவரைக் கழற்றி, கிராங்க் போல்ட்டில் ஸ்பேனர் வைத்து, எஞ்சின் வழக்கமாகச் சுற்றும் திசையில் மட்டும் மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு லோப்பின் முனையையும் அதன் கீழுள்ள டேப்பெட்டின் முகத்தையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். முனையில் குழிகளோ சிதைந்த விளிம்போ, டேப்பெட்டில் கிண்ணம் போன்ற பள்ளமோ தெரிந்தால் ஐயமில்லை. ஐயம் மிஞ்சினால் இன்டேக் லோப்பை இன்டேக் லோப்போடும், எக்ஸாஸ்டை எக்ஸாஸ்டோடும் மைக்ரோமீட்டரால் அளந்து ஒப்பிட வேண்டும்.

மாற்றும்போது கேம்ஷாஃப்ட், டேப்பெட்கள், பேரிங் ஷெல்கள் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய டேப்பெட்டைப் புதிய லோப்பின் கீழ் வைப்பது புதியதையும் கெடுக்கும் சிக்கனம். டைமிங்கைப் பூட்டும் கருவிகளும் இன்ஜெக்டர் ராக்கர்களை (லோப்பின் அழுத்தத்தை இன்ஜெக்டருக்குக் கடத்தும் கைகள்) சரிசெய்யும் பழக்கமும் இல்லாதவர்கள் இந்தக் கட்டத்தைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விடுவதே நல்லது. புதிய ஹைட்ராலிக் டேப்பெட்கள் பொருத்தியபின் ஏறத்தாழ 30 நிமிடங்கள் எஞ்சினை இயக்கக் கூடாது. அவை அமுங்கி அடங்கும் முன் ஸ்டார்ட் செய்தால் வால்வு பிஸ்டனில் இடிக்கலாம். அதற்குப் பின்னும் முதலில் கையால் இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டே சாவியைத் திருப்ப வேண்டும்.

ஆயிலில் அதன் பாகுத்தன்மையைக் காட்டும் 5டபிள்யூ-40 என்ற எண் மட்டும் போதாது. இந்த எஞ்சினுக்கு ஃபோக்ஸ்வேகனின் 505.01 தரம் டப்பாவில் குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். பெயரளவில் நெருங்கிய 505.00 வேறு தரம், கடைகளில் குழப்பம் நேர்வதும் இங்கேதான். அடுத்த ஆயில் மாற்றத்தின்போது ஃபில்டரை வெட்டித் திறந்து பாருங்கள்: காந்தத்தில் ஒட்டும் துகள்கள் லோப் அல்லது டேப்பெட்டிலிருந்து வந்திருக்கக்கூடும், ஒட்டாத பளபளப்பான துகள்கள் பேரிங்கிலிருந்து வந்திருக்கக்கூடும், பின்னது தென்பட்டால் ஆயில் அழுத்தத்தை உடனே அளக்கச் சொல்லுங்கள்.