சீனப் பீங்கான் யானை மெழுகுவத்தித் தாங்கியில் உறைந்த மெழுகை எடுக்கும் முறை

முதலில் வயிற்றடியைப் பாருங்கள். உள்கூடான உருவங்களில் சூளைச் சூட்டில் காற்று வெளியேறச் சிறு துளை விட்டிருப்பார்கள். அதனால் தண்ணீரில் முக்கவே கூடாது. உள்ளே போன நீர் ஊட்டி, குன்னூர் மழைக்கால ஈரத்தில் எளிதில் காயாது. கிளேஸ் (பீங்கானின் மேலுள்ள கண்ணாடி போன்ற பூச்சு) விரிசல்களில் கறையாக இறங்கும்.

அடுத்து, இருட்டறையில் புற ஊதா டார்ச் அடியுங்கள். தும்பிக்கை, தந்தம், காது ஆகியவைதான் முதலில் உடைபவை. அங்கே உடைந்ததைச் சேர்த்த பழைய அரக்கு ஒட்டு இருந்தால் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். அந்தத் தாங்கிக்குச் சூடே காட்டாதீர்கள், ஒட்டு இளகிவிடும்.

ஒட்டு இல்லையென்றால், மடித்த துண்டின்மேல் வைத்து, ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து மெழுகை இளக்கி, மூங்கில் குச்சியால் நெம்புங்கள். கத்தி கிளேஸைக் கீறும். கொதிநீர் ஊற்றினால், டிசம்பர் குளிரில் சில்லிட்ட பீங்கான் விரிசல் விடும்.

மிஞ்சிய பிசுக்கைப் பஞ்சில் ஒரு சொட்டு ஒயிட் ஸ்பிரிட் (பெயிண்டைக் கரைக்கும் திரவம்) தொட்டு ஒற்றி எடுங்கள், ஜன்னல் திறந்திருக்கட்டும். பொன்பூச்சும் கிளேஸுக்கு மேல் தீட்டிய வண்ணமும் தேய்த்தால் போய்விடும். அங்கே கை வைக்காமல் விடுவதே நல்லது.

இனி அதில் பேட்டரி மெழுகுவத்தி மட்டும் வையுங்கள்.