டெய்லரிலிருந்து லைன் சூப்பர்வைசர்: பனியன் கம்பெனிப் பெண்களுக்குப் படிப்படியாக

திருப்பூரில் பெரும்பாலான பனியன் கம்பெனிகளில் மெஷின் முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் பெண்கள். செக்கிங்கிலும் கைமடியிலும் (டெய்லருக்குக் கூடமாட உதவும் வேலை) பிசிர் வெட்டுவதிலும் அவர்கள்தான். ஒரு வரிசை மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் லைன் சூப்பர்வைசர், ஃப்ளோர் இன்சார்ஜ் என்று போனால் மட்டும் ஆண்களே அதிகம். வேலை தெரிந்த பெண்களுக்குப் பஞ்சமில்லை. மேலே போகிற வழியை அவர்களிடம் யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அவ்வளவுதான். ஓரிரண்டு வருடம் லைனில் வேலை பார்த்துவிட்டு, 'நம்மால் முடியுமா?' என்று யோசிக்கும் பெண்களுக்காக இதை எழுதுகிறேன்.

படி 1: பக்கத்து மெஷினைக் கற்றுக்கொள்ளுங்கள்

ஓவர்லாக் (துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கும் மெஷின்) மட்டும் தெரிந்தவர் ஓவர்லாக் டெய்லராகவே இருந்துவிடுவார். மற்ற தையல் மெஷின்களான ஃப்ளாட்லாக், பவர் டேபிள் இரண்டிலும் கை பழகட்டும். வேகம் தேவையில்லை. நூல் கோக்க, ஊசி மாற்ற, நூலின் இறுக்கத்தை (டென்ஷன்) சரி செய்ய, தையல் விடுபட்டால் காரணம் கண்டுபிடிக்கத் தெரிந்தால் போதும். லைன் காலியாக நிற்கும் நேரத்தில் பக்கத்து டெய்லரிடம் கேளுங்கள். மெக்கானிக் வந்தால், "அண்ணா, என்ன பண்றீங்கன்னு கொஞ்சம் சொல்லிட்டே பண்ணுங்க" என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் சொல்லிக் கொடுப்பார்கள்.

செக்கிங்கில் இருப்பவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு. அளவு மாறுவது, ஆயில் கறை, தையல் பிரிவது என எந்தக் குறை எந்த மெஷினிலிருந்து வருகிறது என்பது அவர்கள் கண்ணில்தான் முதலில் படும். அதை ஒரு சின்ன நோட்டில் தேதியோடு எழுதி வைத்தால், பிறகு உங்கள் பேச்சுக்கு அதுவே ஆதாரம்.

படி 2: லைன் கணக்கு

நிதானமாகப் படிக்க வேண்டிய படி இதுதான். 'நீ தைக்கிற வேலையைப் பாரு' என்று ஒரு பெண்ணின் வாயை அடைப்பது சுலபம். கணக்கோடு பேசுகிறவரை அப்படி அடைக்க முடியாது.

ஒரு டீ ஷர்ட்டைத் தைத்து முடிக்க மொத்தம் 8 நிமிட வேலை என்று வையுங்கள். இந்த நிமிடத்தை, வேலைக்கு நேரம் கணக்கிடும் ஐ.இ. (இண்டஸ்ட்ரியல் இன்ஜினியரிங்) துறையினர் 'சாம்' (SAM) என்பார்கள். லைனில் 16 டெய்லர்கள், 8 மணி நேர ஷிப்ட். ஒருவருக்கு 480 நிமிடம் என்றால் 16 பேருக்கு 7,680 நிமிடம். அதை 8-ஆல் வகுத்தால் 960 பீஸ். இது நூறு சதவீதக் கணக்கு; எந்த லைனும் அப்படி ஓடாது. 60 சதவீதம் ஓடினால் 576 பீஸ், அதாவது மணிக்கு 72.

இப்போது சைடு அடிக்கும், அதாவது டீ ஷர்ட்டின் பக்கவாட்டைத் தைக்கும், டெய்லருக்கு ஒரு பீஸுக்கு ஒரு நிமிடம் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அவரால் மணிக்கு 60 பீஸ்தான் தர முடியும். மற்ற 15 பேரும் எவ்வளவு வேகமாகத் தைத்தாலும் லைன் 60-ஐத் தாண்டாது. அவர் முன்னால் பண்டில் (கட்டுக் கட்டாக வரும் பீஸ்) குவியும், அடுத்த மெஷின் காத்துக் கிடக்கும். 72 வர வேண்டுமென்றால் இன்னும் 12 பீஸ் வேண்டும். அதே வேகத்தில் அடிக்கத் தெரிந்த இன்னொருவர் மணிக்கு 12 நிமிடம் கைகொடுத்தால் அது கிடைத்துவிடும். படி 1-இல் பல மெஷின் பழகச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

செல்போனில் ஸ்டாப்வாட்ச் இருக்கிறது. கம்பெனிக்குள் போன் கூடாது என்றால் சுவர்க் கடிகாரம் போதும். ஒவ்வொரு வேலைக்கும் ஐந்து பீஸ் நேரம் பார்த்துச் சராசரி எடுங்கள். எங்கே குவிகிறது என்பது ஒரே வாரத்தில் பிடிபடும்.

படி 3: பேசிப் பழகுங்கள்

மேனேஜரிடம் மூன்று விஷயம் சொன்னால் போதும்: என்ன பிரச்சினை, எவ்வளவு, என்ன வேண்டும். "சார், சைடு ஓவர்லாக்ல மணிக்கு 60தான் வருது. டார்கெட் 72. ஸ்லீவ் அடிக்கிற அக்காவை மணிக்குக் கால் மணி நேரம் அங்கே மாத்தினா சரியாயிடும்." இதை வீட்டில் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போங்கள்.

வயதில் மூத்த டெய்லரின் தவறைச் சொல்வது இதைவிடக் கடினம். தூரத்திலிருந்து கூப்பிடாதீர்கள். அவர் மெஷினுக்கே போய், பீஸைக் கையில் கொடுத்து, "அண்ணா, இந்த இடத்தில தையல் விடுது, ஊசி பார்க்கலாமா?" என்று கேளுங்கள். கத்தினால்தான் லைன் ஓடும் என்ற நம்பிக்கை பல கம்பெனிகளில் இருக்கிறது. நான் அதை முழுமையாக மறுக்கிறேன். திட்டு வாங்கும் டெய்லர் கெட்ட பீஸைப் பண்டிலுக்குள் ஒளித்துவிடுவார். கடைசி செக்கிங்கில் அது வெளியே வரும்போது மொத்த லாட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

படி 4: கமிட்டியில் சேருங்கள்

10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களில், பாலியல் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்க ஓர் உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்கிறது 2013-ஆம் ஆண்டுச் சட்டம். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும், உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும், வெளியிலிருந்து ஒரு உறுப்பினரும் வேண்டும். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். உங்கள் கம்பெனியில் இந்தக் குழு பெயருக்கு மட்டும் இருக்கிறதா என்று விசாரியுங்கள். உறுப்பினராகச் சேர்ந்தால், பிறர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்டு, நோட் எடுத்து, நிர்வாகத்தின் எதிரில் உட்கார்ந்து பேசுகிற பழக்கம் வரும்.

2022-இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ளுங்கள். பெண்கள் தலைமையிலான ஒரு தொழிற்சங்கம் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தோடும் வெளிநாட்டு பிராண்டுகளோடும் போட்ட ஒப்பந்தம் அது. லைனில் வேலை பார்க்கும் தொழிலாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, துன்புறுத்தலைக் கவனித்துச் சொல்லும் பொறுப்பை அவர்களிடம் ஒப்படைத்தார்கள்.

படி 5: பதவியைக் கேளுங்கள், சம்பளத்தையும் சேர்த்து

"கொஞ்ச நாள் லைனைப் பார்த்துக்கோம்மா" என்று பொறுப்பைக் கொடுத்துவிட்டு, டெய்லர் சம்பளத்திலேயே வைத்திருப்பது பல இடங்களில் நடக்கிறது. எனக்கு இதில்தான் அதிகக் கோபம். பொறுப்பு வரும் நாளிலேயே கேளுங்கள்: "எத்தனை மாசத்துக்கு சார் டிரையல்? அப்புறம் சூப்பர்வைசர் சம்பளம் எவ்வளவு?" வாயால் சொன்னதை ஒரு தாளிலோ வாட்ஸ்அப்பிலோ எழுத்தாக வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே சம்பளம் என்பது 1976-லேயே சட்டமாகிவிட்டது. அதனால் பக்கத்து லைன் சூப்பர்வைசரின் சம்பளத்தைத் தெரிந்துகொண்டு பேசுவதில் தவறே இல்லை.

இரவு நேரக் கூடுதல் ஷிப்ட் பற்றியும் அப்போதே பேசி முடியுங்கள். வீட்டில் குழந்தையை யார் பார்ப்பது, கம்பெனி வண்டி எத்தனை மணி வரை இருக்கும் என்பதெல்லாம் இதில் அடங்கும்.

படி 6: முதல் வாரம்

முதல் இரண்டு நாளில் எதையும் மாற்ற வேண்டாம். ஒவ்வொரு டெய்லரிடமும், "உங்க மெஷின்ல என்ன தொந்தரவு?" என்று மட்டும் கேட்டு எழுதுங்கள். ஃபேன் ஓடவில்லை, நாற்காலி ஆடுகிறது, தண்ணீர் தூரத்தில் இருக்கிறது என்று வரும். அதில் சுலபமாக முடிவதை மூன்றாம் நாளே முடித்துக் கொடுங்கள். மணிக்கு எத்தனை பீஸ் என்பதை எல்லோரும் பார்க்கும்படி போர்டில் எழுதுங்கள். யார் பெயரும் வேண்டாம். அந்த வாரமே, நீங்கள் லீவு போட்டால் லைனைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து, படி 2-இன் கணக்கை அவருக்குச் சொல்லித்தர ஆரம்பித்துவிடுங்கள்.