1ஆம் தேதி குழம்பிய கிரான் லாக்: என் அனுபவம்

எங்கள் லினக்ஸ் சர்வரில் இரவு வேலைகளை கிரான்தான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாகத் தொடங்கும் நிரல்) ஓட்டுகிறது. எந்த வேலை, எத்தனை மணிக்கு, எந்த யூசர் பெயரில் ஓடியது என்று லாகிலிருந்து (நடந்ததை வரிவரியாகப் பதியும் ஃபைல்) எடுக்க ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதினேன். வரியை ஒவ்வொரு ஸ்பேஸிலும் பிரித்தால் மூன்றாவதாக வருவது நேரம். 28ஆம் தேதி எழுதியது, நன்றாகவே ஓடியது. 1ஆம் தேதி காலையில் பார்த்தால், நேரம் இருக்க வேண்டிய இடத்தில் தேதி!

கர்சரை ஒவ்வோர் எழுத்தாக நகர்த்திப் பார்த்தபோதுதான் புரிந்தது. லாக் வரிகளை எழுதும் பழைய சிஸ்லாக் முறையில் தேதிக்கு எப்போதும் இரண்டு இடம். 1 முதல் 9 வரை முன்னால் சுழியம் வராது, கூடுதலாக ஒரு ஸ்பேஸ் வரும். பிரிக்கும்போது அங்கே ஒரு வெற்றுப் புலம் (காலியான துண்டு) நுழைந்து எல்லாவற்றையும் தள்ளிவிட்டது.

சரி, ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கு (எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் முறை) மாறினேன். தேதிக்கு ` +([0-9]+) +`, அடைப்புக்குறிக்குள் வரும் யூசருக்கு `\(([^)]+)\)`. அடுத்து, இன்னோர் அடைப்புக்குறிக்குள் வரும் கமாண்டில்தான் மறுபடி சிக்கல். `\((.*?)\)` என்று எழுதியிருந்தேன். இதிலுள்ள கேள்விக்குறி, முடிந்தவரை குறைவாகவே எடுக்கச் சொல்வது. பேக்கப் கமாண்டுக்குள்ளேயே `$(...)` இருந்ததால், முதல் மூடும் அடைப்புக்குறியிலேயே வெட்டிவிட்டது. கேள்விக்குறியை எடுத்துவிட்டு `\((.*)\)$` என்று வரியின் முடிவோடு கட்டினேன், முழுக் கமாண்டும் வந்தது.

அந்த வரியில் வருடம் கிடையாது என்பதையும் கவனியுங்கள். ஜனவரியில் டிசம்பர் லாகைப் படித்தால் போன வருடத்தை நாமே போட வேண்டும்.

அப்புறம், பொருந்தாத வரிகளை முன்பு அப்படியே விட்டுவிடுவேன். இப்போது தனி ஃபைலில் எழுதி, அவற்றின் எண்ணிக்கையை ஸ்கிரிப்ட் தரும் அட்டவணைக்கு மேலேயே காட்டுகிறேன்.