அவைக் குறிப்பிலிருந்து ஒரு வாழ்க்கை: 19ஆம் நூற்றாண்டு அமெரிக்கச் சட்டமன்ற உறுப்பினரைப் பற்றி எழுதும் முறை

அமெரிக்காவில் 1870, 80களில் கவுண்டிதோறும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) தடித்தடியாக ஊர் வரலாறுகள் அச்சாயின. சந்தா கட்டிய குடும்பங்களின் புகழ்ச்சி அவற்றில் ஏராளம். பள்ளிச் சட்டங்களில் பங்கெடுத்த ஓர் உறுப்பினரைப் பற்றி எழுதுகிறீர்கள் என்றால், அவருடைய பிறந்த ஊர், மனைவியின் பெயர் தேட அவை உதவும். ‘பொதுப் பள்ளிகளைக் கொண்டுவந்தவர்’ என்ற வரியை மட்டும் அப்படியே எடுத்துவிடாதீர்கள்.

முதலில் திறக்க வேண்டியது மாநில அவையின் ஜர்னல். முன்மொழிவு, குழு அறிக்கை, மசோதாவின் நிலை, பெயர் சொல்லி எடுத்த வாக்கு ஆகியவை அதில் இருக்கும். பேச்சு பெரும்பாலும் இருக்காது. பொருளடைவில் அவர் பெயரைப் பாருங்கள். பிறகு ‘பள்ளி’, ‘கல்வி’, ‘பள்ளி நிலம்’ ஆகிய தலைப்புகளையும் தனியே பாருங்கள், ஏனெனில் பெயரின் கீழ் எல்லாம் தொகுக்கப்பட்டிருக்காது. தேதி, மசோதா, நிலை, வாக்கு என்று நான்கு நெடுவரிசை போட்டுக் குறியுங்கள். பலர் சறுக்குவது வாக்கில்தான். ‘காலவரையின்றி ஒத்திவைக்க’ என்ற தீர்மானத்துக்கு ‘ஆம்’ என்றால் மசோதாவைக் கொல்லச் சம்மதம் என்று பொருள். ‘ஆம்’ எண்ணிக்கையை மட்டும் கூட்டினால் எதிரி நண்பனாகத் தெரிவார். கடைசியில் அதே கூட்டத்தொடரின் சட்டத் தொகுப்பைப் புரட்டி, மசோதா நிறைவேறியதா என்று உறுதி செய்யுங்கள்.

ஆண்டும் ஏமாற்றும். இலையுதிர் காலத்தில் தேர்வானவர் அடுத்த ஜனவரியில் அவைக்கு வந்திருக்கலாம். தேர்தல் ஆண்டு, கூட்டத்தொடர் ஆண்டு இரண்டையும் எழுதிவையுங்கள்.

பெரிய பெயர் சின்னப் பெயரை விழுங்கிவிடும். மாசசூசெட்ஸ் மாநிலக் கல்வி வாரியம் என்றதும் பொதுப் பள்ளிகளுக்காக வாதாடிய ஹோரஸ் மேன் நினைவுக்கு வருவார். ஆனால் வாரியத்தை உருவாக்கிய 1837 சட்ட வரைவில் முதன்மைக் கை, கீழவையின் கல்விக் குழுவிலிருந்த ஜேம்ஸ் கார்ட்டருடையது. மேன் அப்போது மேலவைத் தலைவர். பிறகு வாரியத்தின் முதல் செயலாளராகி 1848 வரை இருந்தார்.

எந்த வாக்கு உண்மையான சோதனை என்பதையும் தேர்ந்தெடுக்க வேண்டும். பென்சில்வேனியாவில் 1834ஆம் ஆண்டின் பொதுப் பள்ளிச் சட்டம் பெரிய எதிர்ப்பின்றி நிறைவேறியது. வரிச்சுமை தெரிந்ததும் மக்கள் கொதித்தார்கள்; அடுத்த ஆண்டே மேலவை அதை நீக்க வாக்களித்தது. கீழவையில் தாடியஸ் ஸ்டீவன்ஸ் எழுந்து வாதாட, சட்டம் பிழைத்தது. ஆகவே அங்குள்ள உறுப்பினரை எடைபோட 1834ஐவிட 1835 வாக்கே மேல்.

பேச்சுக்கு நாளிதழ்தான் கதி. அமெரிக்க நாடாளுமன்றத்தின் நூலகமான காங்கிரஸ் நூலகத்தின் ‘குரோனிக்லிங் அமெரிக்கா’ என்ற இணையவழிப் பழைய நாளிதழ்த் தொகுப்பு இலவசம். பத்திரிகைகள் கட்சி சார்ந்தவை. இரு கட்சித் தாள்களையும் படியுங்கள். பழைய அச்சைக் கணினி தப்பாக வாசிப்பதால் பெயரைக் கொடுத்தால் கிடைக்காதது, தேதிவாரியாகப் பக்கம் புரட்டினால் கிடைக்கும்.

குடும்பத்துக்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. 1850க்கு முன் குடும்பத் தலைவர் பெயர் மட்டுமே இருக்கும். 1850 முதல் அடிமைப்படாத ஒவ்வொருவர் பெயரும், வயதும், பிறந்த மாநிலமும், நிலச் சொத்து மதிப்பும் வந்தன. உறவுமுறை 1880இல்தான் சேர்ந்தது. அதற்கு முன் ஒரே வீட்டிலிருக்கும் இளைஞரை மகன் என்று முடிவுகட்டாதீர்கள். 1890 ஏடுகளில் பெரும்பகுதி 1921 தீ விபத்துக்குப் பிறகு மிஞ்சவில்லை.

ஓஹியோ, இந்தியானா போன்ற மாநிலத்தவரானால் நிலப் பத்திரங்களையும் விடாதீர்கள். 1785 நில ஆணைப்படி ஒவ்வொரு டவுன்ஷிப்பின் (நில அளவையில் வகுத்த சதுரப் பகுதி) 36 பிரிவுகளில் 16ஆவது, அதாவது 640 ஏக்கர், பள்ளிக்கு. அதை விற்க அனுமதித்த சட்டத்துக்கு அவர் எப்படி வாக்களித்தார், பின்பு வாங்கியவர் பட்டியலில் அவரோ மைத்துனரோ இருக்கிறார்களா என்று பாருங்கள்.

பெயருக்குப் பின்னுள்ள ‘ஜூனியர்’ மகனைத்தான் குறிக்கும் என்றில்லை. அதே ஊரில் அதே பெயருடைய இளையவர், உறவே இல்லாதவராகவும் இருக்கலாம். மூத்தவர் இறந்ததும் அந்த அடைமொழி காணாமல் போகும். இருவர் வாழ்க்கையை ஒருவருக்கு ஒட்டிவிடாமலிருக்க, மரணசாசன ஆவணத்திலுள்ள மனைவி, பிள்ளைகள் பெயர்களை வைத்துச் சரிபாருங்கள்.