படத்தை டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்

சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் விடியற்காலையில் எடுத்த படத்தை நண்பர்கள் குழுவில் போட்டுக் கருத்து கேட்கிறீர்களா? வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி, மீன் செதிலின் நுணுக்கம் போய்விடும். ஷட்டர் வேகம் (கேமரா ஒளியை உள்ளே விடும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் அளவு) என்று படத்தோடு பதிவாகும் விவரங்களும் அழிந்துவிடும். டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள். அப்போதுதான் படம் மங்கியதற்குக் காரணம் ஃபோகஸா, கை நடுக்கமா, கூடை தூக்குபவரின் வேகமா என்று பார்ப்பவரால் ஓரளவு சரியாகச் சொல்ல முடியும். 1/30 நொடியில் எடுத்தால் வேகமாக நடப்பவர் மங்கத்தான் செய்வார். ஐஎஸ்ஓவை ஏற்றி 1/250-க்குப் போங்கள், படம் கொஞ்சம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தாலும் பரவாயில்லை. ஆனால் டாக்குமெண்ட்டில் படம் எடுத்த இடத்தின் விவரமும் சேர்ந்து போகலாம். வீட்டில் எடுத்த படமென்றால் அந்த இட விவரத்தை நீக்கிவிடுங்கள்.

கருத்து சொல்பவர்களே, வெறும் "சூப்பர்" யாருக்கும் உதவாது. கண் முதலில் எங்கே போய் நின்றது என்று சொல்லுங்கள். அப்புறம் ஒரே ஒரு குறை, அதற்கு வழியும் சேர்த்து. 1856-இல் திறக்கப்பட்ட ராயபுரம் ரயில் நிலையத்தை எடுத்தவரிடம், "தூண்கள் உள்பக்கமாகச் சாயுது. கேமராவை அண்ணாந்து பிடிக்காம, பின்னாடி தள்ளி நின்னு நேரா பிடிங்க" என்றால் அடுத்த ஞாயிறே போய்த் திருத்திக்கொள்வார்.