ஒட்டடை அடிக்கும் முன் சுவர்ச் சிலந்தியைப் பார்த்துப் பிரிக்கும் முறை

சென்னை வீடுகளில் போகிக்கு முன்பு பரண் முதல் பால்கனி வரை ஒரே மூச்சில் ஒட்டடை அடித்துவிடுவதால், தூசி படிந்த பழைய வலையோடு, கொசுவையும் எறும்பையும் தின்று உயிர்வாழும் சிலந்திகளும் குப்பைக்குப் போய்விடுகின்றன. குடியிருக்கும் வலையையும் கைவிடப்பட்ட வலையையும் பிரித்தறிந்தால் வீடும் சுத்தமாகும், சிலந்தியும் பிழைக்கும்.

முதலில் கைப்பேசி டார்ச்சைச் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத இழைகள் அப்போது மின்னும். ஜன்னல் சட்டத்தின் ஓரத்திலோ சுவரின் மூலையிலோ, அஞ்சல் தலை அளவில் சுவரோடு படிந்த வெண்படலம் தெரிந்தால், அது ஈக்கோபியஸ் பேரினத்தைச் சேர்ந்த சுவர்ச் சிலந்தியின் வீடு. உடல் 2 முதல் 4 மில்லிமீட்டர்தான் என்பதால் பலர் இதைத் தூசி என்றே நினைத்துவிடுகிறார்கள். சற்று நேரம் பொறுத்திருந்து பாருங்கள்: எறும்பு ஒன்று அருகில் வந்ததும், சிலந்தி வயிற்றின் நுனியை அதன் பக்கம் திருப்பியபடி அதைச் சுற்றிச் சுற்றி ஓடி, நூலால் சுவரோடு கட்டிப்போட்ட பிறகே கடிக்கும். தன்னைவிடப் பெரிய எறும்பையும் இப்படி வீழ்த்துவது வியப்புக்குரியது.

குளியலறையிலும் மாடிப்படியின் அடியிலும் ஒழுங்கற்ற வலையில் தலைகீழாகத் தொங்குவது நெடுங்கால் சிலந்தி. வலையை ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால், உருவமே மங்கும் வேகத்தில் உடலை ஆட்டும். நம் வீடுகளில் காணப்படும் கிராஸோப்ரைசா லையோனி என்ற வகைக்கு வயிற்றின் பின்முனை கூம்பாக மேலெழுந்திருக்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவும் இதற்கு இரையாகிறது.

இழைகள் அறுந்து, தூசி கனத்துத் தொங்கி, ஆளில்லாமல் கிடப்பதே உண்மையான ஒட்டடை. அதைத் தயங்காமல் அடிக்கலாம். சமையல் மேடைக்கு மேலோ கட்டிலுக்கு மேலோ சிலந்தி இருந்து, அதை அகற்றியே தீர வேண்டுமானால், கண்ணாடி டம்ளரைக் கவிழ்த்து மூடி, அடியில் பழைய கல்யாணப் பத்திரிகையைச் செருகி, படிக்கட்டுக்கு அடியில் கொண்டுபோய் விடுங்கள். நெடுங்காலனின் கால்கள் எளிதில் முறியும் என்பதால் கையால் பிடிக்க வேண்டாம். சுவர்ச் சிலந்தியை மென்மையான பெயின்ட் பிரஷால் டம்ளருக்குள் தள்ளலாம்.

இவற்றால் நமக்கு ஆபத்தில்லை. மழைக்காலத்தில் தோலில் கொப்புளம் வந்தால் சிலந்தி எச்சம் என்பார்கள். ஆனால் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வரும் பேடரஸ் வண்டு தோலில் நசுங்கினாலும் அப்படிக் கொப்புளம் வரும், பழி மட்டும் சிலந்திக்கு வந்து சேருகிறது.

பெண் நெடுங்கால் சிலந்தி முட்டைகளை உருண்டையாகத் திரட்டி வாயிலேயே கவ்விச் சுமக்கும். அப்படி ஒன்று கண்ணில் பட்டால், குஞ்சுகள் பொரிந்து கலையும்வரை அந்த மூலையை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடங்களை அடியுங்கள்.